சாகணுக்குப் போன ஆலமரம்

எங்கள் போபோடிப் பேட்டையின் வாரசா மண்டளியில் வேலை செய்கிறவர்கள் குறைவு, ஃபோட்டோவுக்கு நிற்கிறவர்கள் அதிகம். வாரசா என்றால் மராத்தியில் பாரம்பரியம், மண்டளி என்றால் சங்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய கல் கட்டடங்களைச் சுற்றிப் பார்ப்போம், வடா பாவ் சாப்பிடுவோம், ஆற்றில் குப்பை போடாதே என்று பதாகை பிடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். வேலை என்று ஏதாவது நடந்தால் அதைச் செய்தது என் பக்கத்து வீட்டு அபயாம்பாள் மாமியாகத்தான் இருக்கும்.

மாமி ராணுவக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ரிடையர் ஆனவர். குழந்தைகள் இல்லை. கணவர் சூர்யநாராயணன் போன பிறகு அந்த வீட்டில் தமிழே நின்றுபோயிற்று. நான் விடிந்ததும், ஊருக்கு வெளியே சாகணில் இருக்கும் கம்பெனியின் பஸ்ஸுக்கு ஓடுகிறவள், இருட்டின பிறகு திரும்புகிறவள். நின்று பேச எனக்கு ஏது நேரம்? ஆனால் குளிக்கும்போது மாமியின் பால்கனிக் குரல் கேட்கும். "காத்து ரொம்ப அடிச்சுதோ? கிளை ஒண்ணு தொங்கறதே. எனக்கும் முழங்கால் படுத்தறது, போ." யாருடனோ ஃபோனில் பேசுகிறார் என்று முதலில் நினைத்தேன். பால்கனிக்கு எதிரே இருந்த ஆலமரத்திடம் பேசிக்கொண்டிருந்தார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, தினமும்.

அந்த மரத்தில்தான் ஒரு நாள் மாநகராட்சிக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டினார்கள். சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டப் போகிறார்கள், ஆட்சேபம் இருந்தால் எழுதலாம். மண்டளித் தலைவி ப்ரீதி நன்றாகப் பேசுவாள், எழுத வராது. மாமிதான் எழுதினார். மரத்தின் வயது, நிழல், அதில் அடையும் பறவைகள் என்று ஒன்று விடாமல், ஆபீஸ் இங்கிலீஷில். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்தக் கடிதத்தையும் மாற்று வழி ஒன்று சொல்லாமல் முடிக்கக் கூடாது என்பது அவருக்குக் கையில் ஊறிப்போன பழக்கம். 'இயலாத பட்சத்தில், மரத்தை வேறிடத்தில் பெயர்த்து நடுவதைப் பரிசீலிக்கலாம்' என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்.

ப்ரீதிக்கு வேறொரு யோசனை. வட பௌர்ணமி வந்தது; வட என்றால் ஆல். இங்கே கல்யாணமான பெண்கள் விரதமிருந்து, ஏழு ஜன்மத்துக்கும் இதே கணவன் வேண்டும் என்று ஆலமரத்துக்கு நூல் சுற்றும் நாள். பேட்டை முழுவதும் வந்து இந்த மரத்தில் சுற்றினால் நூலை அறுத்து எவன் வெட்டுவான்? நல்ல யோசனைதான், பாவம், குறை சொல்லக் கூடாது. பட்டுப் புடவைக் கூட்டம் திரண்டது. நானும் சுற்றினேன், ஏழு ஜன்மத்துக்கும் இந்த ராம்கியேதானா என்று மலைத்துக்கொண்டே.

நூல்கண்டு வாங்கி வந்தது மாமி. ஆனால் கணவர் இல்லாதவர்கள் சுற்றும் வழக்கம் இல்லை. "காகூ, நீங்க நிழல்ல உக்காருங்க" என்றாள் ப்ரீதி மராத்தியில், அன்பாகத்தான். மாமியை இங்கே காகூ என்பார்கள். மாமி எங்கள் செருப்புகளுக்குக் காவலாக உட்கார்ந்தார். தன் மரத்தை அத்தனை பேரும் தொடுவதை வேடிக்கை பார்த்தார். எனக்கு அது பிடிக்கவில்லை.

மழைக்கு முன்னால் உத்தரவு வந்தது. வெட்டமாட்டார்கள், சாகணில் ஒரு காலி மனையில் பெயர்த்து நடுவார்கள். ப்ரீதி எல்லோருக்கும் பேடா கொடுத்தாள். "காகூ, உங்க கடைசி வரிதான் ஜெயிச்சுது!"

மாமி பேடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அப்போ மரம் இங்கே இருக்காதா?" என்று மராத்தியில் கேட்டார்.

"உயிரோட இருக்குமே, காகூ."

கிளைகளையெல்லாம் கழித்து, வேரில் சாக்குச் சுற்றி, கிரேனில் தூக்கி லாரியில் ஏற்றினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மாமியின் வீட்டுக்குள் வெயில் வந்து விழுந்தது. என்ன வெளிச்சம், என்ன காற்று என்று மாடிவீட்டுக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். மாமி கனமான திரை ஒன்று வாங்கி மாட்டினார். காலையில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பேச்சு நின்ற பிறகுதான் எனக்கு அதன் அருமை தெரிந்தது.

மாடிப்படியில் பார்த்தால் ஒரே கேள்விதான். "சாகண்ல மரத்தைப் பாத்தியோடி, வைஷு?"

"என் பஸ் அந்தப் பக்கம் போறதில்லை, மாமி."

"பட்டுப்போயிருந்தா? நான்தானே எழுதினேன். என்னை யாராவது கேட்டாளா, எழுதுன்னு?"

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. அடுத்த வட பௌர்ணமிக்கு ப்ரீதி வேறொரு மரத்துக்குக் கூப்பிட்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. லீவு போட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து மாமியைச் சாகணுக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் அவர் பையை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தார்.

தொழிற்சாலைச் சுவருக்குப் பக்கத்தில், முள்வேலிக்குள் மொட்டையாக நின்றது மரம். வேலி வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரர் எங்களை உள்ளே விட்டார். பட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். மாமி சுற்றி வந்து அந்தப் பக்கம் நின்றுவிட்டார். அங்கே ஒரு கொத்து இலை, பளபளவென்று.

"என்ன, கோவமா?" என்றார் மரத்திடம். "தெரியாம எழுதிட்டேன்."

பையிலிருந்து போன வருஷம் மிஞ்சின நூல்கண்டை எடுத்தார். செருப்பைக் கழற்றினார். நிழலில் உட்காரச் சொல்ல யாரும் இல்லை. நூலை மரத்தில் முடிந்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றச் சுற்ற, ஒரு வருஷத்துக் கதையெல்லாம் பேசினார். முழங்கால், திரை, பால்காரன் மாறினது, ஒன்றும் விடவில்லை.

காவல்காரர் எழுந்து வந்து, மாமியின் தாலியில்லாத கழுத்தைப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். "யாருக்காக அம்மா சுத்தறீங்க? வீட்ல யாரு இருக்காங்க?"

"இப்போ யாரும் இல்லை" என்றார் மாமி. "ஒருத்தர் இருந்தார். இங்கே மாத்திட்டாங்க."

"எந்தக் கம்பெனி?" என்றார் காவல்காரர்.

மாமி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். நான் அவருடைய செருப்புக்குக் காவலாக நின்றேன்.