நாலாம் மாடித் தலை

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருந்த இரண்டு லிஃப்ட்டுகளும் அவர் பொறுப்பு. மொட்டை மாடியில் மோட்டார் ஓடும் அறைக்குள் ஒரு மேசையும் ஸ்டூலும் போட்டுக்கொண்டு கிரீஸ் வாசனையில் காலம் தள்ளினார். கட்டடத்தில் எல்லோரும் அவரை ‘ஷாக்’ என்றுதான் சொல்வார்கள். மின்சாரத்தோடு புழங்குவதால் வந்த பெயர் என்று அவர் நம்பியிருந்தார். காரணம் அதுவல்ல. தொட்டால் அடிப்பார், வாயால்.

“லிஃப்ட்டு தானா கெடாதுங்க. மனுஷன் ஏறாம இருந்தா நூறு வருஷம் ஓடும்” என்பது அவர் கண்டறிந்த உண்மை. ஒரே ஆள் மேலே போகும் பொத்தானையும் கீழே போகும் பொத்தானையும் சேர்த்து அமுக்குவார். இன்னொருவர் மூடுகிற கதவில் காலை விடுவார். மூன்றாம் மாடியில் ஒருவர் கைப்பேசியில் பேசி முடிக்கும்வரை கதவைத் தோளால் முட்டுக்கொடுத்து நிற்பார். ஷாக் படியிறங்கி வந்து ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கவனித்துவிட்டுப் போவார்.

அவர் மனைவி திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்த்தார். ஒரு நாள் கடையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மருத்துவர் பார்த்துவிட்டு ரத்தக் கொதிப்பு என்றார். “வீட்டுல மனசுக்குக் கஷ்டம் எதுவும் உண்டாம்மா?”

அந்த அம்மாள் கதவைப் பார்த்தார். கதவுக்கு வெளியே ஷாக், டோக்கன் கொடுக்கும் பெண்ணிடம், தலைக்கு மேலே மின்விசிறி ஏன் ஒருபக்கமாக ஆடுகிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தது உள்ளே தெளிவாகக் கேட்டது.

“புரியுது” என்று சொல்லி, மாத்திரையோடு ஒரு தியான வகுப்பின் விலாசத்தையும் மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

வகுப்பு ஒரு டயர் கடைக்கு மேலே நடந்தது. மனைவியை ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவதும் திரும்பக் கூட்டிப்போவதும் மட்டும்தான் ஷாக்கின் வேலை. நடுவில் இருந்த நேரத்தில் டயர் கடைக்காரருக்கு அவர் தொழிலைக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். இரண்டாவது வாரமே டயர் கடைக்காரர் கும்பிட்டுவிட்டார்.

“சார், மேலே ஃபேன் இருக்கு, பாய் இருக்கு. காசும் கேக்க மாட்டாங்க. தயவுசெஞ்சு மேலே போய் உக்காருங்க.”

மேலே பாடம் நடத்தியவர் ஒரு பௌத்த பிக்குணி. நடுத்தர வயது, மழித்த தலை, எடுப்பான குரல். துறவுக்கு முன்னால் தொலைபேசி அலுவலகத்தில் புகார் கேட்கும் பிரிவில் இருந்தவராம். அதனால் யார் என்ன சொன்னாலும் முகம் கோணாது. அன்றைக்கு அவர் மைத்திரி தியானம் சொல்லிக்கொடுத்தார். மைத்திரி என்றால் எல்லா உயிரிடமும் காட்டுகிற நட்பு.

“முதல்ல உங்களுக்கே நல்லது நினைச்சுக்குங்க. அப்புறம் உங்களுக்குப் பிடிச்சவங்க ஒருத்தர். அதுக்கப்புறம் பிடிக்கவும் பிடிக்காம, வெறுப்பும் இல்லாம, சும்மா பார்த்துட்டுப் போற ஒருத்தர். கடைசியா, பார்த்தாலே பத்திக்கிட்டு வர்ற ஒருத்தர். ஒவ்வொருத்தரையும் மனசுல நிறுத்தி, நல்லா இரு, பத்திரமா இரு, நிம்மதியா இருன்னு வாழ்த்துங்க. அவ்வளவுதான்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். ஷாக் கையைத் தூக்கினார்.

“எனக்கு அந்த நடு ஆள் கிடைக்கலம்மா.”

“யாராவது இருப்பாங்க. கடையில, தெருவுல, வேலை செய்யற இடத்துல...”

“எல்லாரையும் யோசிச்சுப் பார்த்துட்டேன். சும்மா பார்த்துட்டுப் போற மாதிரி ஒருத்தனும் நடந்துக்கல. எல்லாரும் கடைசி வரிசைலதான் வந்து நிக்கறாங்க.”

பிக்குணி முகம் கோணவில்லை. “அவசரம் இல்ல. தேடிட்டு வாங்க” என்றார்.

ஷாக் எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை. கட்டடம் முழுக்கத் தேடினார். ஒருநாள் காவலாளியின் மேசைக்கு எதிரே நின்று, லிஃப்ட்டுக்குள் இருக்கும் கேமராவின் திரையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தலையைக் கண்டார். கேமரா லிஃப்ட்டின் கூரையில் இருந்ததால் உள்ளே இருப்பவர்களின் உச்சந்தலைதான் தெரியும். அது வழுக்கை. நடுவில் மட்டும் ஒரு பிடி முடி, தண்ணீருக்கு நடுவே தீவு மாதிரி. தலை நாலாம் மாடிக்குப் போயிற்று. ஒரே பொத்தானை ஒரே தடவை அமுக்கியது. கதவில் கால் வைக்கவில்லை. மற்றவர்கள் இறங்க வழிவிட்டு ஒதுங்கி நின்று, தன் முறை வந்ததும் இறங்கிப் போனது.

ஷாக்குக்கு அதன்மேல் பிரியமும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இதுதான் என்று முடிவு கட்டினார்.

அதிலிருந்து காலையில் முதல் வேலை அதுதான். மோட்டார் அறையில் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தத் தலையை மனதில் நிறுத்தி, நல்லா இரு, பத்திரமா இரு, நிம்மதியா இரு. சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, காலையில் கீழே போய்த் திரையைப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. தலை வந்துவிட்டதா? இன்றைக்கு ஏன் கொஞ்சம் சோர்ந்த மாதிரி இருக்கிறது? நாலாம் மாடியில் லிஃப்ட் நிற்கும்போது தரையைவிட ஒரு நூல் உயரமாக நிற்கும். அத்தனை வருடமும் அதை அவர் பொருட்படுத்தியதே கிடையாது. இப்போது, தலை தடுக்கி விழுந்துவிட்டால்? ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்து அந்த ஒரு நூலைச் சரிசெய்தார்.

ஒரு திங்கட்கிழமை தலை வந்தது. தீவுக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு பிளாஸ்திரி.

ஷாக்கால் பொறுக்க முடியவில்லை. நாலாம் மாடிக்குப் படியேறி ஓடினார். அங்கே போனதும்தான் அவருக்கு ஒரு சங்கடம் புரிந்தது. தலையைத் தெரியுமே தவிர முகத்தை அவர் பார்த்ததே இல்லை. நடையில் இரண்டு வழுக்கைகள் எதிரே வந்தன. இரண்டும் நல்ல உயரம், உச்சி தெரியவில்லை. ஷாக் கையிலிருந்த ஸ்பேனரை அவர்கள் காலடியில் நழுவவிட்டார். ஒருவர் தாண்டிப் போய்விட்டார். இன்னொருவர் குனிந்து எடுத்தார். தீவும் பிளாஸ்திரியும் அப்படியே தெரிந்தன.

“நீங்கதானா!” என்றார் ஷாக், தழுதழுத்து. “தலைக்கு என்னாச்சு?”

அந்த மனிதர் ஸ்பேனரை நீட்டியபடி ஓரடி பின்வாங்கினார். “நீங்க யாரு?”

“அது கிடக்கட்டும். தலை பத்திரம் சார். எப்ப எது நடக்கும்னு சொல்ல முடியாது.”

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. மறுநாள் கட்டட வாசலில், “நேத்து ஏன் சீக்கிரம் போயிட்டீங்க?” என்றார். அதற்கடுத்த நாள் லிஃப்ட் கதவு திறந்ததும் எதிரே நின்று, “படி பார்த்து இறங்குங்க. உங்க மேல எப்பவும் ஒரு கண்ணு வெச்சிருக்கேன்” என்றார். அந்த மனிதர் லிஃப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏற ஆரம்பித்தார். படியிலும் ஷாக் எண்ணெய்க் குப்பியோடு எதிரே வந்தார்.

வார முடிவில் கட்டட மேலாளர் ஷாக்கைக் கூப்பிட்டனுப்பினார்.

“நாலாம் மாடிக்காரர் உங்க மேல புகார் கொடுத்திருக்காரு. அவரை என்ன பண்ணீங்க?”

“ஒண்ணும் பண்ணல சார். நல்லா இருக்கட்டும்னு நினைச்சேன்.”

“எதுக்கு?”

ஷாக் யோசித்தார். “சும்மாதான்.”

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஷாக் யாரையாவது திட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அத்தனை வருடமாக அதைத்தான் செய்துவந்தார். இதற்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. “இதோ பாருங்க, நீங்க எப்பவும் போல எல்லார்கிட்டயும் எரிஞ்சு விழுங்க. அதுக்கு நாங்க பழகிட்டோம். இது வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஷாக் மனைவியிடம் நடந்ததையெல்லாம் சொன்னார். அந்த அம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்.

“நடு ஆளு அவரு. சரி. பிடிச்ச ஆளுன்னு யாரைங்க வெச்சிருந்தீங்க?”

ஷாக் சட்டைப் பொத்தானைப் பார்த்தார். “ரெண்டாம் நம்பர் லிஃப்ட்டை.”

“லிஃப்ட்டையா?”

“அது எந்தத் தொந்தரவும் பண்ணாதும்மா. ஒரு சத்தம் வராது.” பிறகு, பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டார். “நீ பத்திக்கிட்டு வர்ற ஆளுன்னு யாரை வெச்சிருக்கே? கடை முதலாளியையா?”

“இல்லீங்க.”

“என் தங்கச்சியையா?”

“உங்களை.”

ஷாக்குக்குச் சட்டென்று பல விஷயங்கள் விளங்கின. சில மாதங்களாக அவர் கத்தும்போது அவள் திருப்பிக் கத்தாமல், கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தது ஏன் என்று விளங்கியது. தன்னைச் சபிக்கிறாள் என்றல்லவா நினைத்திருந்தார்.

“முதல் நாள்லேருந்தா?”

“முதல் நாள்லேருந்துதான். வேற யாரை வெக்கறது? ஆனா போன மாசம் உங்களை நடு வரிசைக்கு மாத்திட்டேன். இப்பல்லாம் உங்களைப் பார்த்தா ஒண்ணும் தோணறதில்ல.”

அவர் வாழ்க்கையில் கிடைத்த பதவி உயர்வுகளில் அதுதான் பெரியது. அன்று தட்டை அவரே கழுவி வைத்தார்.

அடுத்த வகுப்பில் பிக்குணியிடம் விஷயம் போயிற்று. அவர் முழுவதையும் கேட்டார்.

“அவரு என்ன வேலை பார்க்கறாரு?”

“தெரியாதும்மா.”

“குடும்பம்?”

“தெரியாது.”

“அப்ப நீங்க நேசிச்சது ஒரு தலையை. அதுக்குக் கீழே ஒரு ஆள் இருக்காரு. அவருக்கு என்ன வேணும்னு அவரைக் கேக்காம, உங்களுக்கு வேணும்கிறதுக்காக அவரு பின்னாடியே போயிருக்கீங்க. நல்லது நினைக்கறது ஒண்ணு. கையில பிடிச்சு வெச்சுக்கப் பார்க்கறது வேற. போய் மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க. ஸ்பேனர் இல்லாம போங்க.”

ஷாக் போனார். வெறுங்கையை முன்னால் நீட்டிக் காட்டியபடியே நாலாம் மாடி அலுவலகத்துக்குள் நுழைந்தார். அது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. அந்த மனிதர் விபத்துக்குப் பணம் கேட்டு வருகிறவர்களை விசாரித்து, கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிறவர். பெரும்பாலும் கூடாது என்பவர். யாரோ வயிறெரிந்தவர்கள் ஆள் வைத்துத் தன்னை மிரட்டுகிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்கிறார். ‘தலை பத்திரம்’ என்று ஒருவர் ஸ்பேனரோடு வந்து சொன்னால் வேறு எப்படி நினைப்பது? ஒரு வாரமாக அவர் வேறு வேறு வழியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்.

ஷாக் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பிளாஸ்திரி, சமையலறை அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டதாம்.

இன்சூரன்ஸ்காரர் கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். “தினமுமா வாழ்த்தினீங்க?”

“ஞாயித்துக்கிழமை உண்டு. வீட்டுல இருந்தே.”

“இதுனால உங்களுக்கு என்ன ஆதாயம்?”

“ஒண்ணும் இல்ல.”

“ஆதாயம் இல்லாம யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கன்னு நான் எத்தனையோ அறிக்கைல எழுதியிருக்கேன்” என்றார் அவர். தனியாக வாழ்கிறவர். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “சாயங்காலம் டீ குடிப்பீங்களா?” என்று கேட்டார்.

அப்படி அவர்கள் பழக ஆரம்பித்தார்கள். பழகிய பிறகுதான் ஷாக்குக்குத் தெரிந்தது, அவ்வளவு மரியாதையான தலைக்குள் இவ்வளவு வம்பு இருக்கும் என்று. எதைச் சொன்னாலும் ஆதாரம் கேட்டார். லிஃப்ட்டில் ஃபேன் காற்று வரவில்லை என்றார். ஒன்றாம் நம்பர் லிஃப்ட் இரண்டாம் நம்பரைவிட மெத்தென்று போகிறது என்றார். ஷாக் கொதித்துப் போய்ப் பிக்குணியிடம் ஓடினார்.

“அம்மா, நடு ஆள் இப்ப கடைசி வரிசைக்கு வந்துட்டாரு!”

“ரொம்ப நல்லது. இப்பதான் அவரைத் தெரிஞ்சுக்க ஆரம்பிச்சிருக்கீங்க. விடாதீங்க.”

விடவில்லை. அடுத்த மாதம் இன்சூரன்ஸ்காரரும் வகுப்புக்கு வந்து சேர்ந்தார். பிக்குணியிடமும் ஆதாரம் கேட்டார். அவர், “உக்காந்து பார்த்துட்டு நீங்களே அறிக்கை எழுதுங்க” என்றுவிட்டார்.

ஷாக்கின் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு இறங்கியது. மருத்துவர் மாத்திரையைக் குறைத்தார். ஷாக் இன்னும் கட்டடத்தில் கத்துகிறார். ஆனால் கத்துவதற்கு முன்னால் ஒரு மூச்சு இழுத்துவிடுகிறார். அந்த இடைவெளியில் பாதிப் பேர் தப்பி ஓடிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் பிக்குணி எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு கோப்பை டீயை, டீ குடிப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாமல், பேசாமல், கவனமாகக் குடிக்க வேண்டும். மோட்டார் அறையில் ஷாக்கும் இன்சூரன்ஸ்காரரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஷாக் கோப்பையின் சூட்டைக் கவனித்தார். ஆவியைக் கவனித்தார். முதல் வாய் நாக்கில் பட்டு இறங்குவதைக் கவனித்தார். எதிரே இன்சூரன்ஸ்காரர் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மோட்டார் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

“சர்க்கரை கம்மி” என்றார் இன்சூரன்ஸ்காரர்.

“பேசக் கூடாது.”

“நீங்களும்தான் பேசறீங்க.”

“நீங்க பேசினதுனாலதான் பேசினேன்.”

“அதுக்கு ஆதாரம்?”

ஷாக் ஒரு மூச்சு இழுத்துவிட்டார். பிறகு ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு கோப்பையிலும் மறுபடி ஊற்றினார்.

“சரி, முதல்லேருந்து.”