அம்மா பூ வைத்துக்கொண்டு பைக் விற்ற நாள்

பெட்ரோல் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு ஆகாது. பெட்ரோல் பங்க்கில் பூ வைத்த பெண் யாராவது பக்கத்தில் வந்து நின்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி போடும் கம்பெனியில் வேலை பார்த்த எங்கள் அப்பாவை நாங்கள் ‘நைனா’ என்றுதான் கூப்பிடுவோம். அவர் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்த சில மாதங்களில், வாசலில் நின்ற அவருடைய பைக்கை விற்றால்தான் அம்மா தையல் மிஷின் வாங்கி எங்கள் வயிற்றைக் கழுவ முடியும் என்றாகிவிட்டது. வண்டிப் புத்தகம் மாமா பேரில் இருந்ததால் கையெழுத்துக்குச் சிக்கல் இல்லை. சிக்கல் வேறு. ‘செத்தவன் வண்டி ஊட்டுக்கு ஆவாது’ என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு; விஷயம் தெரிந்ததும், பார்க்க வந்தவர்கள் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனார்கள். அதனால் கவரைப்பேட்டையிலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் அம்மா, கண்ணாடி பார்க்காமலே, நெற்றியில் பொட்டும் தலையில் பூவும் வைத்துக்கொண்டாள். “நைனா எங்கன்னு கேட்டா ஷிப்டுக்குப் போய்க்கிறாருன்னு சொல்லு. அழுதுகினு நிக்காத” என்றாள் என்னிடம். தம்பி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பேச்சே அப்போதுதான் திருந்தி வந்துகொண்டிருந்தது.

வந்தவர் விவரமானவர். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்களா என்று முதலில் என்ஜினில் உள்ளங்கையை வைத்தார். பிறகு முன்னால் குந்திக்கொண்டு, எங்காவது விழுந்து வளைந்த வண்டியா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். செயினை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டுக் குறை சொல்லத் தொடங்கினார். குறை சொல்லாமல் யார் பழைய வண்டி வாங்குவார்கள்? ஆனால் “சீட்டு அமுங்கிக்கீது” என்று அவர் சொன்ன இடம் நைனா உட்கார்ந்த இடம். “டேங்க்ல இன்னா இவ்ளோ கீறலு” என்றாரே, அவை நைனாவுக்கு முன்னால் உட்கார்ந்து பொன்னேரிக்குப் போய்வந்த என் கொலுசு உரசிய கோடுகள். அந்த ஆளின் கையைத் தட்டிவிடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“என்ஜின் சில்லுனு கீதே. ஓடி நாளாச்சா? ஊட்டுக்காரர் எங்கம்மா?”

“கம்பெனி பஸ்ஸு வருதுண்ணா, அதுலதான் போய்க்கினு வராரு” என்றாள் அம்மா, குரல் பிசகாமல்.

அவர் உதைத்து உதைத்துக் கிளப்பி, தெருமுனை வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். சத்தம் வாசலை நெருங்கும்போது தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து, அரைஞாண் கயிறோடு வெளியே ஓடிவந்தான். “நைனா வந்துட்ச்சு. மா, நைனா வந்துட்ச்சு.” வண்டியில் வேறு முகத்தைப் பார்த்ததும் படியிலேயே நின்று, அவரிடமே கேட்டான்: “எங்க நைனா எங்க?”

அம்மா நெற்றிப் பொட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “சொன்னா யாரும் எடுக்க மாட்டன்றாங்கண்ணா” என்று அழுதாள். அவர் என்ஜினை அணைத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்கினார். “வண்டி நல்லாத்தாம்மா கீது. நான் எடுத்துக்கிறேன்” என்றார். அதற்குப்பின் ஒரு குறையும் சொல்லவில்லை.

போகும்போது அவர் வண்டியைக் கிளப்பவில்லை. அந்த வெயிலில், தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டே போனார். வண்டி ரிப்பேராகிவிட்டது, திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார் என்று நான் சந்தோஷப்பட்டேன். தம்பி காதில் அந்தச் சத்தம் மறுபடி விழக் கூடாது என்றுதான் தள்ளினார் என்பது விளங்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. வண்டி நின்ற இடத்தில் சொட்டியிருந்த பெட்ரோலின் மேலேயே அம்மா பூவைப் பிடுங்கிப் போட்டாள்.

அம்மாவும் இப்போது இல்லை. அந்த வாசலும், சாலையை அகலப்படுத்தியதில் போயிற்று. தம்பி அதே சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். போன வாரம் அவனுக்குப் பழைய பைக் ஒன்று பார்க்க மீஞ்சூர் போனோம். அவனும் முதலில் என்ஜினில்தான் கை வைத்தான். அன்றைக்கு ஓடிவந்தாயே, நினைவிருக்கிறதா என்று கேட்டேன். “எப்போக்கா?” என்றான். அவனுக்கு நைனாவின் முகமும் நினைவில்லை, வண்டிச் சத்தமும் நினைவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டால் நைனா வருகிறார் என்று தெரிந்தவள் இனி நான் ஒருத்திதான்.