மெழுகக்காவின் தகரக் குவளை

உருகிய மெழுகை ஊற்றும்போது மெழுகக்கா மூச்சுகூட விடமாட்டார். குவளையின் நடுவில் உள்ளங்கை நீள நட்சத்திர வடிவக் கட்டை நிற்கும். மெழுகு அதைச் சுற்றி ஏறும். "இந்த நேரத்துல போன் அடிச்சா, நான் செத்துட்டேன்னு சொல்லிடு" என்பது பக்கத்து மேசைக்காரனான எனக்கு நிரந்தர உத்தரவு. மெழுகு ஆறியதும் கட்டையை உருவுவார். 'ப்ளக்' என்று வந்துவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் டீ.

திட எரிபொருள் ராக்கெட் மோட்டாரை வடிவமைப்பது அவர் வேலை. உருளைக்குள் கூழாக ஊற்றும் எரிபொருள் இறுகியதும், நடுவில் நிறுத்திய கட்டையை உருவிவிடுவார்கள். மிஞ்சுகிற ஓட்டையின் வடிவம்தான் மோட்டாரின் குணம். முதலிலேயே சீறுமா, கடைசிவரை சீராகத் தள்ளுமா என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. ஒவ்வொரு புது வடிவத்தையும் அவர் முதலில் குவளையில் மெழுகை ஊற்றித்தான் சோதிப்பார். யாராவது தொழில் என்னவென்று கேட்டால், "ஓட்டை போடுறேன்" என்பார். கணவர் பல் மருத்துவர். "நான் போடுறேன், அவரு அடைக்கிறாரு. குடும்பம் ஓடுது."

மகளுக்குத்தான் குறை. ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து சண்டை பிடித்தாள்: "கரண்ட் போனா வீட்டுல ஒரு மெழுகுவத்தி கிடையாதும்மா. எல்லாம் இங்க குவளையில குளிச்சிட்டு இருக்கு!" மெழுகக்கா அவள் தலையில் தட்டி, கைப்பையிலிருந்த டார்ச்சைக் கொடுத்து அனுப்பினார். அதில் பேட்டரி இல்லை என்று பிறகு தெரிந்தது.

கணினியை அவர் நம்பாமல் இல்லை. ஆயிரக்கணக்கான வடிவங்களைச் சலித்து, எடை குறைந்ததைப் பொறுக்கித் தருகிற நிரலை எழுதியதே அவர்தான். "ஆனா அது ரொம்பச் சமத்துப் பிள்ளை. சொன்னதை மட்டும் செய்யும். சொல்லாததுக்கு நாமதான் பொறுப்பு."

போன மாதம் அந்தச் சமத்துப் பிள்ளை புது மோட்டாரின் எடையில் ஒன்பது கிலோ குறைத்துக் கொடுத்தது. தலைமைப் பொறியாளர் ஆய்வுக்கூட்ட அறையின் வெள்ளைப் பலகையில் சிவப்பில் ஒன்பது என்று எழுதி, இரண்டு முறை வட்டமிட்டார். மேலிடத்துக்கும் சொல்லியாகிவிட்டது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஒப்புதல் கூட்டம். காலை பதினொன்றுக்கு மெழுகக்கா வழக்கம்போல, புது வடிவக் கட்டையைச் சுற்றி மெழுகை ஊற்றினார், ஆறவிட்டார், இழுத்தார்.

வரவில்லை.

குவளையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தார். நாற்காலிதான் நகர்ந்தது.

எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்தார். "விடுங்கக்கா, மெழுகு சுருங்கும்னு தெரிஞ்சதுதானே. இதுக்குப் போயி..."

மெழுகக்கா இன்னொரு குவளையில் அதே மெழுகை ஊற்றி, பழைய மோட்டாரின் கட்டையை வைத்தார். ஆறியது. 'ப்ளக்.' அன்றைக்கு யாரும் டீ கேட்கவில்லை.

பிறகு நிரலை வரிவரியாக மேலிருந்து படித்தார். ஆரம்பத்தில், சோதனை ஓட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று ஒரு விதியை நிறுத்தி வைத்திருந்தார்: கட்டை அடியிலிருந்து வாய் வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்க வேண்டும், அப்போதுதான் உருவ வரும். அதைத் திரும்பச் சேர்க்க மறந்துபோயிருந்தார். கணினி அடிப்பக்கத்தைத் துளி பருமனாக்கிவிட்டது. திரையில் கண்ணுக்கே தெரியாத அளவு.

"நானா?" என்றார், திரையைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்து, "நானேதான்."

விதியைச் சேர்த்து மறுபடி ஓட்டினார். ஒன்பது கிலோ நான்காகச் சுருங்கியது.

கூட்டத்துக்குக் கோப்போடு, கட்டை சிக்கிய குவளையையும் எடுத்துப் போனார். தலைமைப் பொறியாளர் முகம் சுளித்தார். "என்னம்மா இது, இன்னைக்குப் போயி விளையாட்டா?"

"இழுங்க சார்."

இழுத்தார். குவளையே கையோடு வந்தது. கைக்குட்டையால் கட்டையின் பிடியைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். மேசையில் இருந்த தண்ணீர்தான் சிந்தியது.

"இது மெழுகு சார். அங்க இருக்கிறது உரசினா பத்திக்கிற சரக்கு. இழுக்கப்போறது நாம இல்ல, எரிபொருள் ஊத்துற கொட்டகையில நிக்கிற நாலு பேரு. தப்பு என்னோடது. நாலு கிலோதான் நிஜம்."

தலைமைப் பொறியாளர் குவளையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "மேலிடத்துக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"நான் சொல்றேன் சார். குவளையைக் கொண்டு போறேன்."

தலைமைப் பொறியாளர் எழுந்து போய், சிவப்பு ஒன்பதை உள்ளங்கையாலேயே அழித்தார்.

நான்கு கிலோ குறைந்த அந்த மோட்டார் போன வாரம் சோதனை மேடையில் கடைசி நொடிவரை சீராக எரிந்தது. அதற்கு முன்பு கொட்டகையில் கட்டை ஒரே இழுப்பில் வந்ததாம். நேற்று பார்வையாளர்கள் இரண்டு பேர் மெழுகக்காவின் மேசைக்கு வந்து, "உங்க கணக்குல தப்பே வராதாமே மேடம்" என்றார்கள். அவர் சிரித்தார். பேனாக்களுக்குப் பின்னாலிருந்து, கட்டை இன்னும் சிக்கியிருக்கும் அந்தத் தகரக் குவளையை எடுத்து, கட்டையின் பிடி அவர்கள் பக்கம் வரும்படித் திருப்பி, மெதுவாக முன்னால் நகர்த்தினார்.