என் முதுகும் அவள் தலைவலியும்

முதலில் கூப்பாடு போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது எல்லாம் அதிலிருந்து தொடங்கியதுதான்.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன் நான். வயது ஐம்பத்திரண்டு. தை மாதம் ஒரு காதுகுத்து வீட்டில் ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கியபோது இடுப்பில் சுளீர் என்றது. சாயங்காலத்துக்குள் இடது காலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. வேறு ஆளாக இருந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருப்பார். நான் செல்போனில் தேட ஆரம்பித்தேன். அரை மணி நேரத்தில் என் தண்டுவடம் போய்விட்டது, சக்கர நாற்காலி வந்துவிட்டது, ஆம்ப்ளிஃபயர் யாருக்கு என்பதும் முடிவாகிவிட்டது.

"மாதம்மா, நான் போயிட்டா அந்தப் பெரிய பெட்டி ரெண்டையும் வித்துராத."

என் மனைவி மாதம்மாள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஏங்க, நீங்க போனா அழறதுக்கு எனக்கு மைக்கு வேற வேணுமா?"

தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். "உருமா கட்டிக்கிட்டு எந்தப் பஞ்சாயத்துக்குக் கெளம்பிட்ட?" என்று கேட்டேன். சிரித்தாள். என் நகைச்சுவைக்குக் கிடைத்த வெற்றி என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளூர் டாக்டர் என் காலைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "தசைப் பிடிப்பு, ரெண்டு வாரம் பாப்போம்" என்றார். வலி மாத்திரையும், நரம்பைச் சுற்றிய வீக்கம் குறைய ஐந்து நாளுக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் (வீக்கத்தை வேகமாக அடக்கும் மருந்து, டாக்டர் சொன்ன நாளுக்கு மேல் போடக் கூடாது) எழுதினார். வீட்டுக்கு வந்து அதன் பக்க விளைவுகளைப் படித்தேன். எலும்பு கரையும், வயிறு புண்ணாகும், சர்க்கரை ஏறும் என்று போட்டிருந்தது. இரண்டு மாத்திரையோடு எலும்பு கரைவது போலவே இருந்தது. மீதியை பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

ஸ்கேன் எடுத்தே தீருவது என்று நின்றேன். டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். மாதம்மாளும் நானும் தருமபுரிக்கு பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் தலை சாய்த்து வந்தாள். நான் அவளை எழுப்பி எழுப்பி என் கால் மரத்துப்போன விவரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எம்.ஆர்.ஐ. என்றால் என்ன என்று அந்த ஸ்கேன் சென்டரில் மெஷினை இயக்கும் பெண் எனக்குச் சொன்னாள். பயந்த ஆளுக்குப் பாடம் நடத்தினால் பயம் குறையும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். "எக்ஸ்ரேல எலும்புதான் நல்லாத் தெரியும்ங்கண்ணா. இது சதை, நரம்பு, மூளை மாதிரி மெத்து மெத்துன்னு இருக்கறத எல்லாம் பாக்கும். ஒடம்பு பூரா தண்ணிதானே. அந்தத் தண்ணிக்குள்ள ரொம்பச் சின்னச் சின்ன காந்தம் மாதிரி இருக்குது. பெரிய காந்தத்துக்குள்ள போனா அதெல்லாம் வரிசைக்கு வரும். ரேடியோ அலைய விட்டு அதச் சாய்ச்சு விடுவோம். திரும்பி நிமிந்து வர்றப்ப சத்தம் குடுக்கும். கொழுப்பு சட்டுனு நிமிரும், தண்ணி மெதுவா நிமிரும். அத வெச்சுப் படம் போடுது."

காந்தமும் சத்தமும் என் தொழில். எனக்கு அது உடனே புரிந்தது. பயம் மட்டும் குறையவில்லை.

இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. என் அரைஞாண் கயிற்றிலிருந்த தாயத்தைக் கழற்றச் சொன்னாள். உள்ளே போனேன். முகத்துக்கு நேராக ஒரு சாண் தூரத்தில் கூரை. கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்திருந்தார்கள், முடியாவிட்டால் அமுக்கச் சொல்லி. மெஷின் தட்ட ஆரம்பிக்கும் முன்பே அமுக்கினேன்.

"என்னாச்சுங்கண்ணா?"

"ஒன்னுமில்லம்மா. வேல செய்யுதான்னு பாத்தேன்."

நாலாவது முறை அமுக்கியதும் அந்தப் பெண் வெளியே போய் மாதம்மாளைக் கூட்டி வந்தாள். "அக்கா, நீங்க உள்ள வந்து இவரு காலப் புடிச்சுக்கோங்க. இல்லன்னா இன்னிக்கு முடியாது. தாலில இருக்கற ஊக்கெல்லாம் கழட்டிருங்க." எங்கள் பக்கத்தில் பெண்கள் தாலிக்கொடியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். மாதம்மாளிடம் ஆறு இருந்தன. கொண்டை ஊசி தனி. "ஒரு இரும்புக்கடையவே கட்டிக்கிட்டிருக்கேன்" என்று மெஷின் குழாய்க்குள்ளிருந்து கத்தினேன்.

அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாறை உடைப்பது போல இருபது நிமிஷம் அந்தச் சத்தம். காதில் பஞ்சுதான் வைத்திருந்தாள். விரலை விடவே இல்லை.

அப்போதே அவளுக்கு மண்டையைப் பிளக்கும் வலி இருந்திருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூளைக்குள் பார்க்கத் தெரிந்த ஒரு மெஷினும், பார்க்க வேண்டிய ஒரு மூளையும் ஒரே அறையில் மூன்று முழ இடைவெளியில் இருந்தன. மெஷின் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முடிவு வந்தது. ஒரு வட்டு (முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தை போன்ற பகுதி) லேசாகப் பிதுங்கியிருக்கிறது. வயதானால் பலருக்கும் இருப்பதுதான். அரை கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் நலம் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். மாதம்மாளுக்குப் பசி கூடியிருந்தது. கன்னம் உருண்டு பளபளவென்று இருந்தாள். மொரப்பூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ரேவதி வந்தபோது, "பாரு, உங்கம்மா புதுப்பொண்ணு கணக்கா ஆயிட்டா" என்று பெருமையடித்தேன்.

அடுத்த முறை ரேவதி வந்தபோது சாப்பாட்டில்தான் கவனித்தாள். மாதம்மாள் தட்டில் வலது பாதிச் சோற்றை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். இடது பாதி அப்படியே இருந்தது. "என்ன, பாதி சாமிக்கா?" என்று நான் கேட்டேன். ரேவதி சிரிக்கவில்லை. தட்டைத் திருப்பி வைத்தாள். மாதம்மாள் அதைப் பார்த்து, "அடியே, இவ்ளோ சோறு இன்னும் இருக்குதா?" என்று மறுபடி உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டால், கண் நன்றாக இருந்தும் இடப்பக்கம் கவனத்தில் வராமல் போகலாம். இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது ஒருவர் தட்டில் பாதியை விட்டு எழுந்தால், தயவுசெய்து என்னைப் போல ஜோக் அடிக்காதீர்கள்.

மறுநாள் காலையில் பாத்திரம் கழுவும் இடத்தில் வலிப்பு வந்து விழுந்தாள்.

மறுபடி அதே ஸ்கேன் சென்டர், அதே பெண். "வாங்கண்ணா, முதுகு மறுபடியுமா?" என்று சிரித்தவள் ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். இந்த முறை நான் உள்ளே உட்கார்ந்து மாதம்மாளின் காலைப் பிடித்துக்கொண்டேன். நடுவில் கையில் ஒரு மருந்து ஏற்றினார்கள் (கட்டி இருந்தால் படத்தில் பளிச்சென்று காட்டுவது). நாற்பது நிமிஷம். அவள் அந்தப் பந்தை ஒரு தடவைகூட அமுக்கவில்லை.

வெளியே வந்ததும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தேன். அவள் கணினியைப் பார்த்தாள். "ரிப்போர்ட் டாக்டர் சொல்வாருங்கண்ணா" என்றாள். பிறகு, "அக்கா சாப்புட்டாங்களா?" என்றாள். அந்தக் கேள்வியிலேயே எனக்கு ரிப்போர்ட் வந்துவிட்டது.

சேலத்தில் மூளை அறுவை டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். எலுமிச்சை அளவில் ஒரு வளையம். அதைச் சுற்றிப் பால் கொட்டியது போல வெள்ளை. வெள்ளை எல்லாம் நீர் கோத்த வீக்கம். வளையம்தான் கட்டி. கிளையோபிளாஸ்டோமா (மூளை நரம்புகளைத் தாங்கும் செல்களில் வேகமாக வளரும் புற்று) என்று பிறகு உறுதியானது.

"தலவலி எப்போருந்தும்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"தைக்கு முன்னாடியே இருந்துச்சுங்க. நடுவுல மாத்திர போட்டேன். நல்லா இருந்துச்சு."

"என்ன மாத்திர?"

மாதம்மாள் என்னைப் பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. "இவரோடதுங்க. பிஸ்கட் டப்பால சும்மா கெடந்துச்சு. வீணாப் போவுதேன்னு போட்டேன். தலவலி சட்டுனு போயிருச்சு. அப்பறம் அந்தக் காலி அட்டையக் காட்டி, வூட்டுக்காரருக்கு முதுகுவலின்னு கடைல வாங்கிக்கிட்டேன். ஒரு நாள் சீட்டு கேட்டாங்க. அதோட நின்னுச்சு."

டாக்டர் பேனாவை மூடினார். ஸ்டீராய்டு கட்டியைக் குறைக்காது, சுற்றியுள்ள வீக்கத்தைக் குறைக்கும் என்றார். வலி போனது அதனால். கன்னம் உருண்டதும் பசி எடுத்ததும் அதனால்.

நான் புதுப்பெண் என்று ஊருக்குச் சொன்ன கன்னம்.

"மூணு மாசம் முன்னாடியே வந்திருந்தா சரியாயிருக்குமாங்க?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் சின்னதா இருந்திருக்கும். ஆபரேஷன் கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும். முடிவு மாறியிருக்கும்னு என்னால சொல்ல முடியாதுங்க." நல்ல மனிதர். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு பல வாரம் ஓட்டினேன். பிறகு "கொஞ்சம்" என்ற சொல் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் திட்டினேன். பயந்தவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். "ஒரு வார்த்த சொல்றதுக்கு என்னடி? வாயில கொழுக்கட்டையா?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். "எப்பங்க சொல்றது? உங்க முதுகு பேசி முடிக்கவே இல்லையே."

கூட வந்திருந்த ரேவதி சிரித்துவிட்டாள். மாதம்மாளும் சிரித்தாள். முப்பது வருஷத்தில் என்னை விட நல்ல ஜோக்காக அவள் அடித்தது அதுதான். நான் தண்ணீர் வாங்கி வருவதாகச் சொல்லிக் கீழே இறங்கிப் போனேன்.

அறுவை நடந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். ஆறு வாரம் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. முடி ஒரு பக்கம் கொட்டியது. கட்டியிருந்த துண்டை அவளே அவிழ்த்துப்போட்டு, "யாரு பாக்கப் போறா" என்று தெருவில் நடந்தாள். நடுவில் நாலு மாதம் நன்றாக இருந்தாள். அதையும் எழுத வேண்டும். இதே நோயோடு இருக்கிறவர்கள் அதற்காகத்தான் இதைப் படிப்பார்கள். அந்த நாலு மாதத்தில் அவரைக்காய்க் குழம்பு வைத்தாள், பேரனுக்கு ஸ்வெட்டர் போட்டுவிட்டாள், பக்கத்து வீட்டுக்காரியோடு குழாயடியில் சண்டை போட்டு ஜெயித்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஒவ்வொரு முறையும் நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் ஸ்கேன் நன்றாக இருந்தது. இரண்டாவதில் டாக்டர் "பாக்கலாம்" என்றார். மூன்றாவதில் வளையம் மறுபடி வந்திருந்தது, இரண்டு இடத்தில்.

டாக்டர் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்: "இனிமே ஸ்கேன் வேண்டாம்ங்க. அம்மாவுக்குச் செரமம் இல்லாமப் பாத்துக்குவோம்." தசைப் பிடிப்புக்கு ஸ்கேன் கேட்டு அடம்பிடித்தவன் நான். ஸ்கேன் வேண்டாம் என்பது இத்தனை பெரிய தண்டனை என்று எனக்குத் தெரியாது. எடுங்கள், இன்னொன்று எடுத்துப் பாருங்கள் என்று அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

மாதம்மாள் என் கையை மேஜையிலிருந்து எடுத்துவிட்டாள். "அந்த டமடம சத்தம் இனிமே இல்லைதானுங்களே?" என்று டாக்டரிடம் கேட்டாள்.

"இல்லம்மா."

"அது போதும். காது வலிக்கும். மொதல்ல இவருக்கு எடுத்தப்பவே எனக்கு உசுரு போயிருச்சு."

என் ஸ்கேன் அன்று அவள் தலை எப்படி வலித்தது என்பதை அப்போதுதான் முதல்முறையாகச் சொன்னாள். டாக்டருக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

ஏழு வாரம் வீட்டில் இருந்தாள். கடைசி நாட்களில் அதிகம் தூக்கம்தான். பேசினால் மெதுவாக, வலது பக்கம் பார்த்துப் பேசுவாள். அதனால் நான் எப்போதும் வலது பக்கமே உட்கார்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ரேவதி மடியில் போனாள். ஊரில் துக்க வீட்டு மைக் செட்டுக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். அன்று நான் எதையும் கட்டவில்லை. வந்தவர்கள் மெதுவாகத்தான் பேசினார்கள்.

யாரோ எனக்குச் சொன்னதையெல்லாம் நானும் உங்களுக்குச் சொல்கிறேன். அடுத்தவர் மாத்திரையைப் போடாதீர்கள். வீட்டில் மிச்சமிருப்பதை வைத்திருக்காதீர்கள். இது சுலபம். இன்னொன்று கஷ்டம். வீட்டில் சத்தமாகப் பயப்படுகிறவர் நீங்கள் என்றால், பயந்து முடித்த பிறகாவது பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருங்கள். ஒன்றுமில்லை என்பார்கள். அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் மூடிக்கொண்டிருங்கள்.

என் உடம்பு இப்போது விசித்திரமாக இருக்கிறது. முதுகு வலிக்கத்தான் செய்கிறது. போன மாதம் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது நெஞ்சில் சுருக்கென்றது. இறங்கி உட்கார்ந்தேன். பழைய ஆளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். இப்போது அது பாட்டுக்கு இருந்தது, நான் பாட்டுக்கு இருந்தேன். ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விட்டது. டாக்டரிடம் போய்ப் பார்த்துவிட்டேன், ஒன்றுமில்லை என்றார். நிம்மதி வர வேண்டும். வரவில்லை. பயப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் வேண்டும் போலிருக்கிறது, அவரைக்காய் நறுக்கிக்கொண்டு, நிமிராமல்.

நாளும் மாறிவிட்டது. திங்கள், செவ்வாய் எல்லாம் எனக்குத் தெரிவதில்லை. ஆனால் மூன்று மாதம் நிறையும் வாரம் வந்தால் காலண்டரைப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. எழுந்து குளித்து, சட்டை மாட்டி, கிளம்பிய பிறகுதான் எங்கும் போக வேண்டியதில்லை என்று நினைவு வரும். சட்டையோடு அப்படியே உட்கார்ந்திருப்பேன். உங்களுக்கு எங்கேங்க வலிக்குது என்று அவள் கேட்பது போல இருக்கும். சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது.

சொல்ல மாட்டேன். நீ மொதல்ல சொல்லு மாதம்மா என்பேன்.