பஜார்ச் சுவரில் ராமையாவின் முகம்

போர்டில் ஓர் எழுத்துப் பிழைத்தால் அந்தக் கடைக்காரர் மட்டும்தான் சண்டைக்கு வருவார். சுவரில் படம் எழுதினால் பஜாரே திரண்டு வரும். ஐம்பதுகளில் இலங்கை மலையகத்தின் பூண்டுலோயா பஜாரில் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். பொதுச் சுவரில் கைவைத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களில் யாராவது இருந்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

தேயிலையா, காடா?

பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே நீளமாக ஒரு சுவர். வெற்றிலை எச்சிலும் கிழிந்த நோட்டீசும்தான் அதற்கு அலங்காரம். கடைக்காரர் சங்கத்துக்கு ஒருநாள் ரோசம் வந்து, சாமான் வாங்க வருகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி பெரிய படம் ஒன்று வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். சங்கத் தலைவரான துணிக்கடை முதலாளி, தன் கடை நடுவில் வரட்டும் என்றார். பேக்கரி முதலாளி, ஏன் என் கடைக்கு என்ன குறை என்றார். கடைசியில் எந்தக் கடையும் வேண்டாம், தேயிலை மலையே இருக்கட்டும் என்று முடிந்தது.

நானும் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்தவன்தான். ஆனால் சின்ன வயதிலேயே டவுனுக்கு வந்து பெயின்ட் டப்பாவைத் தூக்கிவிட்டேன். மலையை ஞாபகத்திலிருந்து எழுதினேன். செடிகளை உருண்டையாக, ஆள் உயரத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்த கொழுந்தெடுக்கும் பெண்கள் கூடி நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் இரக்கப்பட்டு விளக்கம் சொன்னாள்:

"கத்தியே படாத செடிங்கண்ணே இது. இதுல கொழுந்தெடுக்கணும்னா நாங்க மரம் ஏறணும்."

நிற்க வந்தவர்

செடியைத் திருத்தினேன். கூடவே, அதை இடுப்புக்குக் கீழே கவ்வாத்து வெட்டுகிற ஆள் ஒருவரையும் முன்னால் நிறுத்திவிடலாம் என்று தோன்றியது. கேட்டதும் வந்தவர் ராமையா. தோட்டத்தின் மேல் டிவிசனில் கவ்வாத்துக்காரர். முகம் நிறைய அம்மைத் தழும்பு, இடது புருவத்தின் குறுக்கே ஒரு வெட்டுக்காயம். நாலு ஞாயிறு கத்தியோடு அசையாமல் நின்றார். பிளேன்டீ கொடுத்தால் குடித்தார், வேறொன்றும் கேட்கவில்லை.

பிரஜாவுரிமை மனுக்கள் விசாரணைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. இங்கேயே பிறந்து இங்கேயே முதுகு வளைந்தவர்களும் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எந்த நாட்டுக்காரரும் இல்லை. ராமையாவிடம் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. தோட்டத்து ஆபீசில் பழைய பதிவு இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். தெரிந்தவர்களைக் கூப்பிட்டால், தங்கள் மனுவுக்குக் கேடு வருமோ என்று கையெழுத்துப் போடப் பயந்தார்கள். அதற்கும் இந்தப் படத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். பதிலைத் தயாராக வைத்திருந்தார்:

"படம் சாட்சி இல்லீங்க. ஆபீசர் ஐயா வந்து இது யாருன்னு கேட்டா, பஜாரே நம்ம ராமையான்னு சொல்லும்ல. அதுக்குக் கையெழுத்து வேணாமே."

அழகு

படம் நன்றாகவே வந்தது. போகிறவர்கள் சுவரைப் பார்த்து, "என்ன ராமையாண்ணே, இங்கயும் கத்தியோடயா?" என்று கேலி செய்வார்கள். அவருடைய கணக்கு சரிதான் என்று எனக்கும் நம்பிக்கை பிறந்தது.

துணிக்கடை முதலாளிக்குத்தான் முகம் பிடிக்கவில்லை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் இந்த மூஞ்சியிலா விழிப்பது, மாற்று, இல்லாவிட்டால் முழுச் சுவருக்கும் வெள்ளையடித்துவிடுவேன் என்றார். ராமையாவின் விசாரணையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் தழும்புகளை மூடினேன், புருவத்தைச் சேர்த்தேன், கன்னத்தில் கொஞ்சம் சிவப்பும் ஏற்றினேன். ராமையாவின் மனுவைவிட என் படம் எனக்குப் பெரிதாகப் பட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பவும் இல்லை. முதலாளி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் படம் மாதிரி இருக்கு. முந்தி ஆளு மாதிரியில்ல இருந்துச்சு."

யார் இது?

அந்த வாரமே விசாரணை ஆபீசர் வந்துவிட்டார். சிங்களவர், நல்ல மனிதர். காகிதம் இல்லாத ராமையா, பஜார்ச் சுவர் வரைக்கும் வாங்க ஐயா என்று கும்பிட்டதும், தூறலில் குடையை விரித்துக்கொண்டு நடந்தே வந்தார். ராமையா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை. அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கூடியவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

ஆபீசர் படத்தைக் காட்டி, "மே கவுத?" என்று பேக்கரி முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டார். யார் இது? அவர் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், தெரியாது. கருவாடு வாங்க வந்த பெண், யாரோ சினிமாக்காரர் போல என்றாள். ராமையாவின் லயத்துக்காரரே ஒருவர், நம்ம பக்கத்து ஆள் இல்லீங்க என்றார். அப்போதுதான் ராமையா திரும்பிச் சுவரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

நான் ஓடிப்போய், இது இவர்தான், முகத்தை மாற்றியது நான் என்றேன். ஆபீசர் பேனாவை எடுத்து, சரி, இந்த மனுஷரையாவது யாருக்காவது தெரியுமா என்று ராமையாவைக் காட்டிக் கேட்டார். எல்லாருக்கும் தெரியும். பைலையும் பேனாவையும் பார்த்ததும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஆபீசர் என் பக்கம் திரும்பி, கற்றுக்கொண்ட தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"கீறினதும் நீங்க, மாத்தினதும் நீங்க. நான் எதை எழுத?"

ஏணி

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமையே ஏணியைச் சாத்தினேன். முதலாளி வெள்ளையடித்தால் அடிக்கட்டும், தழும்புகளைத் திரும்ப வைத்துவிடுவது என்று முடிவு. கீழே யாரோ ஏணியைப் பிடித்தார்கள். குனிந்து பார்த்தால் ராமையா. இறங்குங்க என்றார். குரலில் கோபமே இல்லை. ஓர் அறை விட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"விடுங்கண்ணே. சுவத்துல நிக்கிற அந்தாள எங்க பொறந்தீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. அவராச்சும் இங்க இருக்கட்டும்."

வெளியூர்க்காரர்கள் வந்தால் சங்கத்தார் இன்றும் அந்தச் சுவரைக் காட்டி என் கைராசியைப் புகழ்கிறார்கள், நானும் மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் கேட்டுக்கொண்டுதான் நிற்கிறேன்.