விபத்தே நடக்காத வளைவு

காஜா பேராங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீடு, சாலை சட்டென்று வலப்பக்கம் திரும்பும் இடத்தில் இருந்தது. சாலை திரும்பும், வண்டிகள் சில நேரம் திரும்பாது. அப்படித் திரும்ப மறந்தவை எல்லாம் எங்கள் வேலிக்குத்தான் வந்து சேரும். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்கு வந்த மாதமே, உஜோங் பாசிரிலிருந்து மீன் ஏற்றி வந்த வேன் ஒன்று ஒரு சைக்கிளை இடித்துவிட்டு, வாசல் வாழையையும் சாய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. முற்றமெல்லாம் ஐஸ் கட்டியும் கெம்போங் மீனும். நான் அலறினேன். என் மாமனார் அலறவில்லை. தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை வரவேற்கப் போகிறவர்போல நிதானமாகப் படியிறங்கினார்.

"அம்மாடி, மூணு கோப்பி போடு," என்றார்.

மாமா ரப்பர்த் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். கோழித் திருட்டு, வேலிச் சண்டை, புருஷன் பெண்டாட்டி தகராறு எல்லாம் அங்கே அவரிடம்தான் தீர்ப்புக்கு வருமாம். வேலையை விட்டு மகனோடு டவுனுக்கு வந்த பிறகு, தீர்ப்புக் கேட்டு ஒரு காக்கை குருவிகூட வரவில்லை. பக்கத்தில் இருந்த, தலைமுறைகளாகத் தமிழ் மறந்துபோன செட்டிக் குடும்பங்கள் தங்கள் மலாயிலேயே சண்டை போட்டு, தங்கள் மலாயிலேயே சமாதானமும் ஆகிக்கொண்டன. மனுஷர் வாடிப் போயிருந்தார். அப்போதுதான் அந்த வளைவு அவருக்குப் படியளக்கத் தொடங்கியது.

அதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். மோதியவரையும் மோதப்பட்டவரையும் எங்கள் வீட்டு பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைப்பார். கோப்பி வரும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. கோப்பி குடித்து முடிப்பதற்குள் யார் யாருக்கு எதைச் சரிசெய்து தருவது என்று பேசி முடித்துவிடுவார். பிறகு ஒவ்வொரு வண்டிச் சக்கரத்தின் கீழும் ஓர் எலுமிச்சம்பழம். சீனரோ, மலாய்க்காரரோ, சீக்கியரோ, யாராக இருந்தாலும் பழத்தை நசுக்கிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். கடைசியாக, போலீசுக்குப் போகமாட்டோம் என்று இருவரும் அவர் கையில் அடித்து வாக்குக் கொடுக்க வேண்டும். நடந்ததை வெளியே சொல்லமாட்டேன் என்று அவரும் வாக்குக் கொடுப்பார்.

"பாலாய் படிய மிதிச்சா மானம் போச்சு," என்பார். போலீஸ் நிலையத்தைப் பற்றி அவருடைய சட்டப் புத்தகத்தில் இருந்த ஒரே விதி அதுதான்.

ஊரே அவரை மெச்சியது. கோப்பித்தூள் தீர்ந்துபோவதைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

மகள் பிறந்த பிறகு எனக்கு அந்தப் பெருமையெல்லாம் கசந்துவிட்டது. தொட்டில் கட்டத் தோதான உத்திரம் முன் ஹாலில்தான் இருந்தது. பின்னறையில் தகரக் கூரை பிள்ளையை வேகவைத்துவிடும். ஆகவே சாலையைப் பார்த்த அரைச்சுவரை ஒட்டித் தொட்டில் ஆடியது. சுவருக்கு அந்தப் பக்கம் சின்ன முற்றம், அப்புறம் வேலி, அப்புறம் வளைவு. லோரி ஒன்று பிரேக் போடும் சத்தம் கேட்டால் அடுப்பை அப்படியே விட்டு ஓடிவந்து தொட்டிலைப் பிடித்துக்கொள்வேன். என் புருஷன் ஜாலான் பெண்டஹாராவில் துணிக்கடை வேலைக்குக் காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். "அதான் அப்பா பாத்துக்குறாருல்ல," என்பார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வாசலை மட்டும்.

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த புதிது அது. புது அரசாங்கம் எல்லாவற்றையும் அளக்க ஆரம்பித்திருந்தது. எங்கே நெரிசலும் விபத்தும் அதிகமோ, அங்கே சாலையை அகலப்படுத்திக் கல் தடுப்பு வைக்கப் போகிறார்கள், அதற்காக ரோட்டு ஆபீசிலிருந்து அதிகாரி வந்து அளப்பார் என்று செய்தி வந்தது. நான் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன். கல் தடுப்பு வந்துவிட்டால் என் பிள்ளை நிம்மதியாகத் தூங்கும். நானும் தூங்குவேன்.

மாமாவுக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி கேட்டது. "மொத மொதல்ல நம்ம கவர்மெண்டு ஆளு வர்றாரு. நம்ம எடத்துக்குக் கெட்ட பேரு வரப்படாது," என்றார்.

அதோடு நிற்கவில்லை. ஒடிந்த வேலிக் கம்புகளை மாற்றினார். வேலி முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார். முற்றத்தில் சக்கரங்கள் தோண்டிய பள்ளங்களை மண் போட்டு மெத்தினார். சாய்ந்த வாழை இருந்த இடத்தில் புதுக் கன்று நட்டார். அதிகாரி வந்தபோது எங்கள் வாசலில் இருபது வருஷமாகச் சைக்கிள்கூடச் சரிந்ததில்லை என்றுதான் தோன்றியிருக்கும்.

அதிகாரி நம் ஆள்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படித்த களை, சின்னக் கார். கூட வந்தவர்கள் சாலைக்குக் குறுக்கே கறுப்பு ரப்பர் குழாய் ஒன்றைக் கிடத்தி ஆணியடித்தார்கள். குழாயின் ஒரு முனை எங்கள் வீட்டெதிரே கம்பத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய இரும்புப் பெட்டிக்குள் போனது. சக்கரம் குழாயின் மேல் ஏறினால் பெட்டிக்குள் எண் ஒன்று கூடுமாம். வாரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து பார்த்தால் நெரிசல் எவ்வளவு என்று தெரிந்துவிடும் என்றார். நான் நம்பினேன்.

மறுநாளே வேடிக்கை தொடங்கியது. விளக்கில்லாத சைக்கிள், லைசன்ஸ் இல்லாத சைக்கிள் எல்லாவற்றையும் பெட்டி பிடித்துக் கொடுத்துவிடும் என்று யாரோ புரளி கிளப்பிவிட்டார்கள். சைக்கிள்காரர்கள் குழாய்க்கு முன்னே இறங்கி, சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, குழாயைத் தாண்டி, மறுபடி ஏறிப் போனார்கள். மாட்டு வண்டி வந்தது. குழாயைப் பாம்பென்று நினைத்து மாடு நின்றுவிட்டது, நடுச்சாலையில் படுத்தும்விட்டது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கிக் குழாயைக் குனிந்து பார்த்தார். பயணிகளும் இறங்கிப் பார்த்தார்கள். அதற்குப் பின்னால் கார்கள், டாக்சிகள், ஐஸ் உருகி ஒழுகும் மீன் வேன். ஹாரன் சத்தத்தில் என் மகள் அந்த வாரம் பகலில் கண் மூடவேயில்லை. காஜா பேராங் அதுவரை கண்டிராத நெரிசல். அளக்க வந்த குழாயே அதை உண்டாக்கியது. ஆனால் பெட்டிக்கு என்ன தெரியும்? ஏறிய சக்கரத்தைத்தான் அது எண்ணும். நின்ற வண்டியையும் தலைக்குமேல் போன சைக்கிளையும் அது எப்படிக் காணும்? விவரம் தெரிந்தவர்கள் சந்து வழியாகவே போய்விட்டார்கள்.

எல்லாரும் ஆமையாய் ஊர்ந்ததால் அந்த வாரம் வேலிப் பக்கம் ஒரு வண்டியும் வரவில்லை. கோப்பித்தூள் டின் அப்படியே இருந்தது.

வாரக் கடைசியில் அதிகாரி பெட்டியை எடுக்க வந்தார். எண்ணைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்த ரோட்டுல ஒண்ணும் பெரிசா வண்டி ஓடலியே. ஆக்சிடெண்ட் ஏதாச்சும் நடக்குமா பெரியவரே? போலீஸ்ல விசாரிச்சேன், இந்த எடத்துக்கு ஒரு ரிப்போட்டுகூட இல்லன்னாங்க."

"இங்கயா? கெடையவே கெடையாது சார்!" மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

நான் அடுப்படி வாசலில் அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். "போன மாசம்..." என்று ஆரம்பித்தேன். மாமா பலமாக இருமினார். "அம்மாடி, சாருக்குக் கோப்பி," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அந்நிய மனுஷர் முன்னால் மாமனாரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கோப்பி போட்டேன். அதிகாரி குடித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

வேலையாட்கள் குழாயைப் பிடுங்கிச் சுருட்டினார்கள். ஒரு வாரமாகக் கட்டிப்போட்டிருந்த சாலையை அவிழ்த்துவிட்டது போலாயிற்று. வண்டிகள் பறந்தன. அதிகாரி காரைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போய், திருப்பிக்கொண்டு வளைவுக்கு வந்தார். எதிரே ஒரு லோரி முழு வேகத்தில் வந்தது. அவர் ஸ்டீரிங்கை ஒடித்தார். சுண்ணாம்பு அடித்த வேலி, புது வாழை, மெத்திய முற்றம் எல்லாவற்றையும் தாண்டி, அதுவரை எந்த வண்டியும் வராத தூரம் அவர் கார் வந்தது. அரைச்சுவரில் மோதி நின்றது.

வீடே ஒரு தரம் குலுங்கியது. அதிகாரிக்கு நெற்றியில் சிராய்ப்பு மட்டும்தான். வேர்த்து விறுவிறுக்க இறங்கினார். மாமா அதற்குள் தோளில் துண்டோடு இறங்கியாயிற்று. லோரி நிற்காமல் போய்விட்டதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். பெஞ்சில் ஓர் இடம் காலி.

"பெரியவரே, இது வெளிய தெரிஞ்சா எனக்குத்தான் அசிங்கம். நமக்குள்ளயே செட்டில் பண்ணிக்குவோம்," என்றார் அதிகாரி.

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கவர்மெண்டு அதிகாரியே அவருடைய பெஞ்சுக்கு வந்திருக்கிறார். கையில் எலுமிச்சம்பழம் தயார். "அம்மாடி, ரெண்டு கோப்பி!"

நான் ஹாலில் நின்றிருந்தேன். பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தாள். தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"கோப்பி கெடையாது," என்றேன். என் குரல் தெருவரை கேட்டிருக்கும். "மாமா, உள்ள வந்து தொட்டிலப் பாருங்க."

வந்தார். பெயர்ந்து விழுந்த செங்கல் இரண்டு தொட்டிலுக்குள் கிடந்தன, பிள்ளை தலை வைக்கும் இடத்தில். அதில் ஒன்றை வெளியே எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். எலுமிச்சம்பழம் தரையில் உருண்டது.

மாமா செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, அலமாரியைத் திறந்து, கோயிலுக்குப் போடும் சட்டையை எடுத்துப் போட்டார்.

"வாங்க சார், பாலாய்க்குப் போவோம். நீயும் வாம்மா."

பாலாயில் இருந்த மத்தாமத்தா, போலீஸ்காரர்தான், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, அந்த இடத்தில் இதற்கு முன் விபத்து நடந்திருக்கிறதா என்று மலாயில் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார். எத்தனையோ பேர் கையில் அடித்துக் கொடுத்த வாக்கு. பிறகு மலாயில் சொல்லத் தொடங்கினார். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மீன் வேன், நோன்புப் பெருநாளன்று டாக்சி, மழைக்காலத்தில் கல் லோரி, திரும்பவும் அதே கல் லோரி... நிறுத்தவே முடியவில்லை. மத்தாமத்தா பேனாவை மூடிவிட்டார். சம்பந்தப்பட்டவர்கள் வந்து சொன்னால்தான் எழுத முடியும் என்றார். ஆக, அந்த வளைவின் கணக்கில் ஏறியது ஒரே விபத்து. அதுவும் அளக்க வந்தவருடையது.

சில வாரம் கழித்து ரோட்டு ஆபீஸ் முடிவு சொல்லி அனுப்பியது. வாகன ஓட்டம் குறைவு. விபத்து ஒன்று. காரணம்: வீடு சாலைக்கு மிக அருகில் இருக்கிறது. பரிகாரமாக இரண்டு ஆட்கள் வந்து எங்கள் வேலிக் கம்புகளுக்குக் கறுப்பு வெள்ளை வரி அடித்துவிட்டுப் போனார்கள். ஆத்திரத்தில் எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் அழுகை.

மறுநாள் காலை மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு குருபோங் பக்கம் போனார். எங்கள் வீட்டில் இரண்டு தரம் மோதி இரண்டு தரமும் கோப்பி குடித்த கல் லோரிக்காரச் சீனர் அங்கேதான் இருந்தார். என்ன பேசினார்களோ தெரியாது. சாயங்காலம் அந்த லோரி முதல் தடவையாக எங்கள் வாசலுக்கு மெதுவாக வந்தது. இடுப்புயரப் பாறைகள் நாலைந்தை வேலியோரம் உருட்டிவிட்டது. மாமா நன்றி சொல்லப் போனார். "தாப்பா, தாப்பா," பரவாயில்லை என்று கையசைத்துவிட்டு, லோரிக்காரர் பழம் எதுவும் நசுக்காமலே கிளம்பினார்.

அதற்குப் பின் எதுவும் உள்ளே வரவில்லை. வந்ததெல்லாம் பாறையோடு நின்றது. அடுத்த முறை அளக்க வந்தவர்கள், கறுப்பு வெள்ளை வரி நன்றாக வேலை செய்கிறது என்று சொல்லிச் சந்தோஷப்பட்டார்களாம்.

பாறை வந்த அன்று மாலை மாமாவே, அவிழ்த்துவைத்திருந்த தொட்டிலை மறுபடி உத்திரத்தில் கட்டி, தன் பாரத்தைப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு, அந்த வீட்டில் நான் ஒருநாளும் பார்த்திராத விதமாக, அடுப்படிக்குள் போய் அவர் கையால் ஒரு கோப்பி போட்டு வந்து, பெஞ்சைக் காட்டி என்னை உட்காரச் சொல்லிக் கொடுத்தார். அதில் சீனி போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.