நன்றிப் பக்கம் வரவில்லை

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கம்பெனியில் கிருபா புரோகிராமராக இருந்தாள். 1999-இல் பம்புசெட் பட்டறை முதலாளி தனபாலுக்கு ஆர்டர் வாங்கும் வெப்சைட்டை அவள்தான் எழுதினாள். ஆர்டர் பதிவானதும், அனுப்பியவரை அது தானாகவே நன்றி சொல்லும் பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

வெப்சைட் திறந்த அன்றே தனபால் போன் செய்தார். "ஒரே கம்பெனி திரும்பத் திரும்ப ஆர்டர் போடுதுங்க அம்மணி! பட்டறையில வார்ப்பு ஊத்தச் சொல்லிப்போட்டேன்."

கிருபா போனைக் காதில் வைத்தபடியே எழுதியதைத் திறந்து பார்த்தாள். நன்றிப் பக்கத்தின் முகவரி இருக்க வேண்டிய இடத்தில், ஆர்டரைப் பதியும் பக்கத்தின் முகவரியே இருந்தது. வந்தவரை அது அங்கேயே திருப்பி அனுப்ப, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிதாக ஓர் ஆர்டர் பதிவாகியிருந்தது.

வேலை போய்விடும் என்று பயந்தாள். சொல்லாமல் திருத்திவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் அங்கே வார்ப்புக்கு இரும்பு உருக்கும் உலை எரிந்துகொண்டிருந்தது.

"ஏனுங்க, வார்ப்ப நிறுத்தச் சொல்லுங்க. என்ர தப்புத்தானுங்க. வந்தது ஒரே ஒரு ஆர்டருங்க."

 மறுமுனையில் தனபால் யாரையோ கூப்பிட்டு உலையை அணைக்கச் சொல்வது கேட்டது.

"அந்த ஒண்ணாவது நெசமுங்களா, அம்மணி?"

"நெசந்தானுங்க."

முகவரியை மாற்றிவிட்டுத் தானே ஓர் ஆர்டர் போட்டுப் பார்த்தாள். நன்றிப் பக்கம் வந்தது. அந்தச் சோதனை ஆர்டரையும் பொய்யாகப் பதிவானவற்றையும் அழித்தாள்.